மூன்றாவது வட்டம்

மதியச் சோற்றுக்குப் பிறகு லெக்சர் ஹாலில்
ஆளுக்கொரு தாள்.
நாற்பது கேள்வி, கேள்விக்கு ஐந்து வட்டம்.
'முற்றிலும் இல்லை'யில் தொடங்கி
'முற்றிலும் ஆம்' வரைக்கும்.
நடுவில் ஒன்று: சொல்லத் தெரியவில்லை.
பெயர் எழுத வேண்டாம் என்றார்
பி.ஜி. முகில்வண்ணன். அவருடைய தீசிஸ்.
மனநிறைவு, ஊக்கம், அடைவு என்று
போர்டில் எழுதிவிட்டு
நைட் டூட்டிக் கண்ணோடு
சுவரில் சாய்ந்துகொண்டார்.

விடுதி வசதி நிறைவளிக்கிறதா?

குளித்துவிட்டு வந்த பிரகதி
சீப்பில் கொத்தாய் வந்த முடியைப் பார்த்து
'படிச்சதெல்லாம் கொட்டிருச்சு,
இது மட்டும் எதுக்கு நிக்கோணும்' என்றாள்.
நாங்கள் சிரித்த சிரிப்பில்
வார்டன் கதவைத் தட்டினார்.
அந்தச் சிரிப்பு வசதியில் சேருமா?
மூன்றாவது வட்டம்.

இந்தப் படிப்பை நீங்களே விரும்பித் தேர்ந்தீர்களா?

அப்பா போர்வெல் வண்டியோடு ஜார்க்கண்டில் இருக்கிறார்.
திருச்செங்கோட்டில் ஏறினால் ஆறு மாதம்.
நீட் இரண்டாம் தடவை எழுதின வருசம்
சிக்னல் கிடைக்கிற மேட்டில் நின்று
'எத்தனை மார்க் வருங்கண்ணு' என்பார்.
'எத்தனை அடி போச்சுப்பா' என்பேன்.
'அறுநூறு. வெறும் புழுதி.'
இப்போதும் அதே பேச்சுதான்.
'இன்டர்னல் என்னாச்சு?'
'பேத்தாலஜி போயிருச்சுப்பா. உங்களுக்கு?'
'ஈரமண்ணு வருது.'
பொய்யா நிஜமா என்று
போனில் எனக்குத் தெரிவதில்லை.
விரும்பினேனா?
யாரும் திணிக்கவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.
மூன்றாவது.

ஆசிரியர்கள் உங்களை ஊக்குவிக்கிறார்களா?

போன செவ்வாய், மெடிசின் வார்டு, பதினோராம் கட்டில்.
மாரப்பன். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்.
நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறதாம்.
உள்ளங்கை மஞ்சள், நகக்கண் மஞ்சள்,
காது மடிப்பிலும் மஞ்சள்.
'ஜாண்டிஸ் சார்.'
ஏழு பேர், ஒரே குரல்.
மெடல் வாங்கப்போகிற அகிலேசும் சேர்த்து.
எனக்குக் கடைசி வரிசை.
மாமா அதே மண்டியில் கணக்கெழுதுகிறார்.
நோம்பிக்கு வந்தால் எங்கள் வீட்டு சோப்பு
மூன்று நாள் மஞ்சளாய்க் கிடக்கும்.
'கண்ணு வெள்ளையாத்தான் இருக்குங்க சார்.'
சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.
'மேலே பாருங்கண்ணா' என்று
கீழிமையை இறக்கினேன்.
சிவப்பே இல்லை.
பத்துத் தடவை அலசின துணி.
'மஞ்சளுக்குள்ள ரத்தமே இல்லீங்க சார்.'
பேராசிரியர் குனிந்து பார்த்தார்.
'ம்' என்றார்.
பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போய்விட்டார்.

'அப்பக் காமாலை இல்லீங்களா அம்மணி?'
'இல்லீங்கண்ணா.'
'நாளைக்கு லோடு இருக்குதுங்க. போலாமுங்களா?'
ரத்தம் ஏற்றுகிற பேச்சை நான் எடுப்பதற்குள்
வரிசை நகர்ந்துவிட்டது.

அந்த 'ம்'முக்கு வட்டம் எது?
அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை
தோற்றுப்போன அதே புத்தகத்தில்
ரத்தம் பற்றிய பக்கங்களைப் படித்தேன்.
பரீட்சை என்ற நினைப்பே வரவில்லை.
விடிந்ததும் வார்டுக்கு ஓடினேன்.
கட்டில் காலி. யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாராம்.
விரிப்பின் ஓரத்தில் ஐந்து விரல் மஞ்சள்.

இதை அடைவு என்று கூப்பிட வாய் வரவில்லை.
பொக்குனு இருந்தது.
ஆனாலும் மத்தியானம் மறுபடி
அதே பக்கத்தைத் திறந்தேன்.

நாற்பதாவது:
மறுபடி வாய்ப்புக் கிடைத்தால்
மருத்துவமே படிப்பீர்களா?

பேனா வட்டத்தின் மேல் நிற்கையில்
பக்கத்துத் தாள் கண்ணில் பட்டது.
அகிலேசின் தாள்.
மேலிருந்து கீழ்வரை முதல் வட்டமே.
முற்றிலும் இல்லை, முற்றிலும் இல்லை,
தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேர்கோடு.
நான் பார்ப்பதைப் பார்த்தான்.
கையை விரித்து மூடினான்.
விரலெல்லாம் மை.

'கேன்டீன்ல டீ தீர்ந்துரும், வாடா' என்றேன்.
வேறெதுவும் எனக்குச் சொல்ல வரவில்லை.

முகில்வண்ணன் திடுக்கிட்டு முழித்து
வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு
தாள்களை வாங்கினார்.
நாற்பதாவது காலியாய் இருப்பதை அவர் கவனிக்கவில்லை.
அகிலேஸ் வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டைப் பிடித்தபடி
என் முன்னால் படியிறங்கினான்.
உள்ளே, எச்சில் தொட்டு
ஒவ்வொரு தாளாய் எண்ணி முடித்தவர்
ஒன்று குறைகிறதே என்று
முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.